ஒவ்வொரு வரியும் சரி, பட்டியல் மட்டும் பொய்

1934இல் சிகாகோ புறநகரில் குடியிருந்த ஒரு பெண்மணி, சொந்தச் செலவில் தடித்த புத்தகம் ஒன்றைப் போட்டார். 'சிவப்பு வலைப்பின்னல்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் எலிசபெத் டில்லிங். முன்பாதியில் கட்டுரைகள். பின்பாதியில் 1,300க்கும் மேற்பட்ட மனிதர்கள், 460க்கும் மேற்பட்ட அமைப்புகள். இவர்கள் எல்லாரும் கம்யூனிஸ்டுகள், இல்லையென்றால் கம்யூனிஸ்டுகளுக்குக் கைகொடுப்பவர்கள் என்பது அவருடைய வாதம்.

யார் யார் என்று பார்த்தால் தலை சுற்றும். ஐன்ஸ்டீன் இருக்கிறார். அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் இருக்கிறார். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ஜேன் ஆடம்ஸ் இருக்கிறார். நம் காந்தியையும் விட்டுவைக்கவில்லை. 1927 முதல் சீனாவில் கம்யூனிஸ்டுகளைத் தேடித்தேடி ஒழித்துக்கொண்டிருந்த சியாங் கை-ஷேக்கும் இருக்கிறார்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் செய்தி சரிபார்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லும் உதாரணங்களில் இதுவும் ஒன்று. எங்கள் மேசைக்கு வரும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளில் பல இந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள். "இவர்களெல்லாம் யார் தெரியுமா?" என்று ஒரு தலைப்பு, கீழே பத்துப் பதினைந்து பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கூட்டம், ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. புதியவர்கள் வரிவரியாகச் சரிபார்த்துவிட்டுக் குழம்பிப்போய் வருவார்கள். கூட்டம் நடந்தது உண்மை, அவர் போனதும் உண்மை. 'பொய்' என்று எந்த வரியில் முத்திரை குத்துவது?

டில்லிங் பொய்களை உட்கார்ந்து புனைந்தவர் அல்ல. கடும் உழைப்பாளி. துண்டுப்பிரசுரங்கள், கடிதத்தாளின் தலைப்பில் அச்சாகும் குழு உறுப்பினர் பெயர்கள், கண்டன அறிக்கைகளில் கையெழுத்திட்டவர்கள் என்று சேகரித்துக் குவித்தார். தகவல் கையேடு மாதிரி, பெயர், தொழில், பிறகு சுருக்கப் பெயர்களில் அமைப்புகள் என்று அடுக்கினார். பார்ப்பதற்கு ஆராய்ச்சி நூல் போலவே இருக்கும். பொய் இருந்த இடம் வேறு.

அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தை (ACLU) எடுத்துக்கொள்வோம். பேச்சுரிமைக்காக வழக்காட 1920இல் தொடங்கிய அமைப்பு அது. கம்யூனிஸ்டுகள் கைதானபோது அவர்களுக்காக வாதாடியது. டில்லிங்கின் கணக்கு இது: கம்யூனிஸ்டுக்காக வாதாடியதால் சங்கம் சிவப்பு, சங்கத்தின் குழுவில் பெயர் இருப்பதால் நீ சிவப்பு, நீ இன்னொரு குழுவில் இருந்தால் அதுவும் சிவப்பு. அதே 1934இல் இந்தச் சங்கம், நாஜிகளுக்கும் பேச்சுரிமை உண்டா என்று கேட்டு, உண்டு என வாதாடி ஒரு பிரசுரம் வெளியிட்டது. வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் போடும் உரிமைக்காகவும் முன்பே நின்றிருக்கிறது. அதெல்லாம் இந்தக் கணக்கில் ஏறாது. டில்லிங்கின் புத்தகத்தைப் பரப்பியவர்களில் கிளானும் ஒன்று என்பது கூடுதல் செய்தி.

ஆகவே நாங்கள் வரிகளோடு நிற்பதில்லை. எந்த அளவுகோலை வைத்து ஒருவர் பட்டியலுக்குள் வந்தார் என்று பார்ப்போம். பிறகு அதே அளவுகோலைப் பட்டியல் போட்டவர் மீதும், அவருக்குப் பிடித்தவர்கள் மீதும் வைப்போம். சோவியத் நாட்டுக்குப் போய்வந்தாலே சந்தேகம் என்றால், டில்லிங்கே 1931இல் குடும்பத்தோடு போய்வந்தவர்தானே?

அந்தப் பயணம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1894இல் சிகாகோவில் பிறந்தவர், ஹார்ப் வாசிக்கக் கற்றவர், வழக்கறிஞரின் மனைவி. ரஷ்யாவில் ரேஷன் வரிசையையும் கையேந்தும் குழந்தைகளையும் பார்த்தார். திரும்பி வந்து, அங்கே எடுத்த படச்சுருளை மாதா கோயில்களிலும் முன்னாள் படைவீரர் சங்கங்களிலும் போட்டுக்காட்டிப் பேசினார். அவர் கண்டது கட்டுக்கதை அல்ல. 1932-33இல் உக்ரைனில் பல லட்சம் பேர் பசியால் செத்தார்கள். நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுரான்ட்டி பஞ்சமே இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தில் டில்லிங் பக்கம்தான் நியாயம் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம் இங்கேதான். கண்ணால் கண்ட ஓர் உண்மையைச் சொன்னவர் என்ற நம்பிக்கையிலேயே அடுத்த 1,300 பெயர்களையும் மக்கள் விழுங்கினார்கள்.

பட்டியலால் வந்த விளைவுகளும் உண்டு. 1935இல் மருந்துக்கடை அதிபர் சார்லஸ் வால்கிரீன், சிகாகோ பல்கலைக்கழகத்தில் கம்யூனிசம் கற்றுத்தருகிறார்கள் என்று சொல்லித் தன் உறவுப் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தினார். இல்லினாய் செனட் விசாரணைக் குழு போட்டது. டில்லிங் அங்கே சாட்சி சொன்னார். குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1937இல் வால்கிரீனே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 5,50,000 டாலர் நன்கொடை கொடுத்தார். எல்லா விவகாரமும் இப்படிச் சுபமாக முடிவதில்லை. 1950இல் வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்கள் 151 பேரை இதே பாணியில் அச்சிட்ட ஒரு கையேடு பலருடைய பிழைப்பைக் கெடுத்தது.

டில்லிங் 1936இல் ரூஸ்வெல்ட்டைத் தாக்கி அடுத்த புத்தகம் எழுதினார். 1938இல் நாஜி ஜெர்மனிக்குப் போய்ப் பாராட்டிப் பேசினார். 1940இல் யூதர்களைப் பழித்து ஒரு புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு கற்பனைப் பாதிரியாரின் பெயர். எழுதியவர் இவர். ஊரார் பெயரையெல்லாம் அச்சேற்றியவருக்குத் தன் பெயரைப் போடத் துணிவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்தல். 1944இல் டில்லிங் உட்பட 30 பேர் மீது வாஷிங்டனில் ராஜதுரோகச் சதி வழக்கு. அவர்களில் பலருக்கு ஒருவரையொருவர் சரியாகத் தெரியாது. நாஜிகள் சொன்னதையே இவர்களும் சொன்னார்கள், எனவே கூட்டுச்சதி என்றது அரசுத் தரப்பு. நவம்பர் மாதம் நீதிபதி எட்வர்ட் ஐக்கர் இறந்துபோக விசாரணை செல்லாமல் போனது. 1946இல் வழக்கே தள்ளுபடியானது. டில்லிங் மீது எனக்குத் துளி அனுதாபம் கிடையாது. ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகை அவருடைய புத்தகத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. அவரை எடைபோட அந்த 29 பேரோடு சேர்த்து உட்காரவைக்கத் தேவையே இல்லை. 1934இல் என்ன அச்சிட்டார், 1940இல் யார் பெயரில் என்ன எழுதினார் என்பது போதும்.