பெருங்களத்தூர் முதல் சவுகார்பேட்டை வரை: ஒரு லாரியின் வழிக்கணக்கு

ஈரோட்டில் துணி பேல் ஏற்றிய பத்துச் சக்கர டாரஸ் லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை சென்னைக்கு வந்தேன். சரக்கு சேர வேண்டிய இடம் சவுகார்பேட்டை. பெருங்களத்தூர் வந்ததும் ஓட்டுநர் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுவிட்டு, இடப்பக்கம் பைபாஸில் வண்டியைத் திருப்பினார். எனக்குப் புரியவில்லை. நேராகப் போனால் தாம்பரம், கிண்டி, அண்ணா சாலை, சென்ட்ரல்; வரைபடத்தில் கிட்டத்தட்ட ஒரே கோடு. பைபாஸோ மேற்கே ஒதுங்கி மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் வரை 32 கிலோமீட்டர் போகிறது. அங்கிருந்து மறுபடி தெற்கே இறங்கித்தான் சவுகார்பேட்டையைப் பிடிக்க வேண்டும்.

"நேரா போனா கிட்டம்தானே அண்ணே?"

"கிலோமீட்டர் கம்மிதான் தம்பி. எத்தனை சிக்னல்னு எண்ணிப் பாரு."

வீட்டுக்கு வந்த பிறகு எண்ணிப் பார்த்தேன், கொஞ்சம் இயற்பியலோடு. சரக்கோடு 25 டன் எடையுள்ள லாரி, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வர வேண்டுமானால், ஏறத்தாழ 15 லட்சம் ஜூல் இயக்க ஆற்றலைப் பெற வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 360 லட்சம் ஜூல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்கு வந்து சேரும்; மீதி வெப்பமாகப் போய்விடும். வகுத்துப் பார்த்தால், ஒருமுறை நின்று கிளம்ப 120 மில்லி டீசல். டீக்கடை கிளாஸ் ஒன்று நிறையும் அளவு. அடுத்த சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்ததும் அவ்வளவு ஆற்றலும் பிரேக் டிரம்மைச் சூடாக்குவதோடு சரி. 30 இடங்களில் நின்று கிளம்பினால் மூன்றரை லிட்டர் போச்சு. லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே டீசலில் தடையில்லாத சாலையில் 14 கிலோமீட்டர் ஓடிவிடலாம். அந்தச் சுற்றுவழி வீண் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சிறந்த வழி என்று சொன்னால் எதில் சிறந்தது என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. தூரமா, நேரமா, டீசலா, டோல் கட்டணமா? வழி தேடும் எந்தக் கணினி நிரலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஓர் அடிகூட வைக்காது. நகரத்தை அது தெருக்களாகப் பார்ப்பதில்லை. சந்திப்புகள் எல்லாம் புள்ளிகள், இடைப்பட்ட சாலைகள் எல்லாம் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண். அந்த எண்தான் அந்தச் சாலையைக் கடப்பதற்கு நாம் கொடுக்கும் விலை.

இந்தப் புள்ளி, கோடு வலையில் மிகக் குறைந்த விலையுள்ள வழியைக் கண்டுபிடிக்கும் முறையை நெதர்லாந்து கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் உருவாக்கினார். ஆர்மாக் என்ற புதிய கணினியின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 ஊர்களை வைத்து, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறுகிய வழி எது என்று கேட்கலாம் என முடிவு செய்தார். திருமணம் செய்துகொள்ளவிருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாமில் கடைகளுக்குப் போய்விட்டு, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல் 20 நிமிடத்தில் விடை கிடைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1959-ல் அது அச்சில் வந்தது.

அந்த முறையை நம் லாரிக்கே போட்டுப் பார்ப்போம். சவுகார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சென்ட்ரலை இலக்காக வைத்துக்கொள்வோம். நிமிடக் கணக்கு நான் எடுத்துக்காட்டுக்காக வைப்பது. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் 25 நிமிடம், கிண்டி 35. கிண்டியிலிருந்து அண்ணா சாலை வழியாக சென்ட்ரல் 30. மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக சென்ட்ரல் 35. மதுரவாயலிலிருந்து, பைபாஸ் முடியும் புழலுக்குப் பக்கத்தில் உள்ள மாதவரம் 20. மாதவரத்திலிருந்து மூலக்கடை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் வழியாக சென்ட்ரல் 25.

தொடங்கும் இடத்துக்கு 0 என்று எழுதுங்கள். அங்கிருந்து நேரடியாக எட்டக்கூடிய இடங்கள் இரண்டு: மதுரவாயல் 25, கிண்டி 35. இரண்டில் சிறிய எண்ணைப் பிடித்து, "மதுரவாயலுக்கு 25 நிமிடம், இனி மாறாது" என்று முடிவு கட்டுங்கள். எந்தத் தைரியத்தில் முடிவு கட்டுகிறோம்? மதுரவாயலுக்கு வேறு எந்த வழியாக வந்தாலும் முதலில் கிண்டியைத் தொட்டாக வேண்டும், கிண்டியே 35. அங்கிருந்து கிளம்பிய பிறகு நேரம் கூடுமே தவிரக் குறையாது. டைக்ஸ்ட்ராவின் முறை முழுவதும் இந்த ஒற்றை நியாயத்தின் மேல்தான் நிற்கிறது.

இப்போது மதுரவாயலிலிருந்து பாருங்கள். சென்ட்ரல் 60, மாதவரம் 45. முடிவாகாதவற்றில் சிறியது கிண்டி, 35. அதன் வழியாக சென்ட்ரல் போனால் 65. கையில் 60 இருப்பதால் பயனில்லை. அடுத்து மாதவரம் 45. அதன் வழியாக 70, அதுவும் தேறவில்லை. ஆக, சென்ட்ரலுக்கு 60 நிமிடம், மதுரவாயல் வழி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நெரிசலால் 20 நிமிடம் கூடிவிட்டது என்று வையுங்கள். அந்த வழி 80 ஆகிறது. அண்ணா சாலை 65-ல் முந்துகிறது. காருக்கு அதுவே விடை. லாரியை அந்தச் சாலையில் விடவில்லை என்றால் அந்தக் கோட்டையே அழித்துவிட வேண்டும். மிஞ்சுவது மாதவரம், 70 நிமிடம். சாலைகள் அதே சாலைகள், முறையும் அதே முறை. வண்டிக்கு வண்டி விடை வேறு.

உண்மையான நகரத்தில் புள்ளிகள் லட்சக்கணக்கில் இருக்கும். டைக்ஸ்ட்ராவின் முறை குளத்தில் கல் போட்டது போல எல்லாத் திசையிலும் பரவித் தேடும்; வடக்கே போக வேண்டிய வண்டிக்கு மறைமலை நகர்ச் சந்துகளையும் ஆராயும். 1968-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் ஒரு ரோபோவுக்கு வழி காட்டுவதற்காக ஏ-ஸ்டார் என்ற முறை வந்தது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இலக்குக்கு நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே தேடலைத் தள்ளுவது அதன் உத்தி. 2008-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இன்னொரு வழி கண்டார்கள். முக்கியச் சந்திப்புகளுக்கு இடையே குறுக்குக் கோடுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்வது. ஈரோட்டிலிருந்து சென்னை வருகிறவர் விழுப்புரத்தின் தெருக்களைப் பற்றி யோசிக்காதது போல, நிரலும் அவற்றைத் தாண்டிவிடும்.

தேடும் வேலை இப்படித் தீர்ந்துவிட்டது. தீராமல் கிடப்பது கோட்டின் மேல் எழுத வேண்டிய எண். கைபேசியில் வழி சொல்லும் செயலிகளில் பெரும்பாலானவை காரையும் இருசக்கர வண்டியையும் மனதில் வைத்து அந்த எண்ணைப் போடுகின்றன. லாரிக்கு அது பொருந்தாது.

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்திலிருந்து வரும் உயரமான கன்டெய்னர் பெட்டி ஒன்பதரை அடி, அதாவது 2.9 மீட்டர். டிரெய்லர் தட்டு தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். மொத்தம் 4.4 மீட்டர். ரயில் பாதைக்கு அடியில் போகும் பழைய சுரங்கப்பாதை எதிலும் கண்ணை மூடிக்கொண்டு நுழைய முடியாத உயரம் இது. வடகிழக்குப் பருவமழையில் கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் அந்தக் கோடுகள் எல்லா வண்டிக்கும் அழிந்துபோகும். லாரிக்குப் பல இடங்களில் அவை வருடம் முழுக்க அழிந்தே இருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் பாலத்தின் உயர வரம்பைக் குறிக்கத் தனி இடம் உண்டு. ஆனால் யாராவது போய்ப் பார்த்து எழுதினால்தான் அதில் எண் இருக்கும். எழுதாத பாலத்தைக் கணினி வானத்தளவு உயரமாகவே எண்ணிக்கொள்ளும்.

அடுத்தது திருப்பம். லாரி வளையும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்ளே வாங்கும். எவ்வளவு வாங்கும் என்பதற்குப் பத்தாம் வகுப்பு பித்தாகரஸ் போதும். முன் அச்சு 12 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 மீட்டர் என்றால், பின் அச்சின் ஆரம் 144-லிருந்து 36-ஐக் கழித்து எடுத்த வர்க்கமூலம்: 10.4 மீட்டர். ஆகப் பின் சக்கரம் 1.6 மீட்டர் உள்ளே வருகிறது. முனையில் ஒரு பைக் நின்றால், ஒரு பூக்கடை இருந்தால், அந்த இடம்தான் போகும். டிரெய்லரில் இது இன்னும் அதிகம். அதனால் லாரிக்கான வரைபடத்தில் சாலைக்கு விலை போட்டால் மட்டும் போதாது. எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலைக்குத் திரும்புகிறோம் என்பதற்கும் தனி விலை போட வேண்டும். அதற்காக நிரல் வலையையே புரட்டிப் போடுகிறது: ஒவ்வொரு சாலையும் ஒரு புள்ளி, ஒவ்வொரு திருப்பமும் ஒரு கோடு. வலை பல மடங்கு பெருத்துவிடும், வேறு வழியில்லை.

நேரம் இதையெல்லாம்விடச் சிக்கலானது. சென்னை நகருக்குள் கனரக லாரிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாட்டு நேரத்தில் பெருங்களத்தூருக்கு வந்த லாரிக்கு உள்ளே போகும் கோடுகள் இல்லை. இரவில் அவை திரும்ப முளைக்கின்றன. இப்படி நேரத்தோடு மாறும் வலையில், நிற்பதும் ஒரு நகர்வுதான். நிரல் எழுதுகிறவர்கள் "பெருங்களத்தூர், மாலை 6 மணி" ஒரு புள்ளி, "பெருங்களத்தூர், இரவு 9 மணி" வேறொரு புள்ளி என்று பிரித்து, இரண்டுக்கும் நடுவே காத்திருப்பு என்ற கோட்டைப் போடுவார்கள். எப்போது போய்ச் சேரலாம் என்ற கேள்விக்கு இது சரியான விடை தரும். எங்கே காத்திருப்பது என்பதைப் பற்றி அது கவலைப்படாது. ஓட்டுநருக்கோ அதுதான் பெரிய விஷயம். கால் நீட்டிப் படுக்க இடம், குளிக்கத் தண்ணீர், தார்ப்பாயை அறுத்துச் சரக்கைத் திருடவிடாத வெளிச்சம், பேட்டா காசில் அடங்கும் சாப்பாடு. இவற்றை யாரும் கோட்டின் மேல் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தூங்காத ஓட்டுநர் ஓட்டும் வண்டிக்கு எந்த வழியும் நல்ல வழி ஆகாது.

மாதவரத்தை அடைந்த டாரஸ் லாரி சவுகார்பேட்டையின் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குள் நுழைய முடியாது. சரக்கு மாதவரத்திலேயே குட்டியானை என்ற சிறிய சரக்கு வண்டிக்கு மாறும். அங்கே கணக்கும் வேறு கணக்காக மாறிவிடுகிறது. ஒரே இடத்துக்குப் போகும் வழியை விட்டு, பல கடைகளுக்கு எந்த வரிசையில் போவது என்று கேட்கிறோம். டைக்ஸ்ட்ராவின் கட்டுரை வந்த அதே 1959-ல் ஜார்ஜ் டான்ட்சிக்கும் ஜான் ராம்சரும் இதைக் கணிதமாக எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பெட்ரோல் பங்குகளுக்கு எரிபொருள் கொண்டுபோகும் லாரிகளை.

10 கடைகள் என்றால் 36,28,800 வரிசைகள் உண்டு. 20 கடைகள் என்றால், விநாடிக்கு ஒரு கோடி வரிசையைச் சோதிக்கும் கணினிக்குக்கூட சுமார் 7,700 ஆண்டு ஆகும். ஆகவே எல்லாவற்றையும் சோதிக்காமல், நல்ல வரிசையைச் சீக்கிரம் பிடிக்கும் உத்திகளைத் தேடினார்கள். கிளார்க்கும் ரைட்டும் 1964-ல் சொன்னது மிக எளியது. முதலில் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகப் போய்த் திரும்புவதாக வைத்துக்கொள். பிறகு, எந்த இரண்டு கடைகளை ஒரே நடையில் இணைத்தால் அதிக தூரம் மிச்சமாகுமோ அவற்றை முதலில் இணை. மாதவரத்திலிருந்து தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் கடைகள் தாமாக ஒன்றுசேரும். இன்னொரு உத்தி கண்ணால் பார்த்தே செய்யக்கூடியது. போட்ட பாதை தன்னைத் தானே வெட்டிக்கொண்டால், அந்த முடிச்சைப் பிரித்துவிடு. நேர்கோட்டுத் தூரத்தில் பாதை நிச்சயம் குறையும்.

வரிசை போட்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கடைசியில் ஏற்றிய மூட்டைதான் முதலில் இறங்கும். எனவே கடைகளின் வரிசையைத் தலைகீழாக்கி ஏற்ற வேண்டும். இதை மறந்து ஏற்றிவிட்டால், மின்ட் தெருவில் வண்டியை நிறுத்திப் பாதி லோடை நடுரோட்டில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். ஒருமுறை அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஹாரன் சத்தத்தில் லோடுமேன்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

குட்டியானையும் போகாத சந்துக்கு மீன்பாடி வண்டி என்ற மூன்று சக்கர வண்டி. அதுவும் திரும்ப முடியாத இடத்தில் தலைச்சுமை. வரைபடம் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லும் இடத்திலிருந்து கடையின் கிடங்கு வரை உள்ள கடைசி 200 மீட்டருக்குச் சில நாள் மாதவரத்திலிருந்து வந்த நேரத்தைவிட அதிகம் ஆகும். அந்த 200 மீட்டரில் எந்தப் பக்கம் நிறுத்தினால் போலீஸ் கேட்காது, எந்தக் கடைக்காரர் பதினொரு மணிக்கு முன் ஷட்டரைத் திறக்கமாட்டார், எந்தத் தெரு மாலையில் நடைபாதைக் கடைகளால் பாதியாகச் சுருங்கும் என்பதெல்லாம் ஓட்டுநரின் நினைவில்தான் இருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காக வேலை நடக்கும் நகரத்தில், போன மாத நினைவு இந்த மாதம் செல்லாமலும் போகும்.

நான் வந்த அந்த லாரி மதுரவாயலைத் தாண்டியபோது ஓட்டுநரின் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. கிளீனர்ப் பையன் அதைச் சத்தமாக வைத்தான். "அண்ணே, மூலக்கடையில வண்டி ஒண்ணு ஆக்ஸில் ஒடஞ்சி நடுவுல நிக்குது. மாதவரத்துலயே நின்னுக்கோங்க, நான் திரும்பச் சொல்றேன்." ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை. கியரைக் குறைத்து, புழலுக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை ஒதுக்கினார். எங்களுக்கு முன்னாலேயே மூன்று லாரிகள் அங்கே நின்றுகொண்டிருந்தன.