கடற்போர்ப் படத்தில் முதலில் அணைவது தீ

வீட்டுச் சுவரில் வருடக்கணக்கில் தொங்கும் கடற்போர்ப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடல் அப்படியே இருக்கும். புகையும் இருக்கும், கப்பலின் இரும்பு நிறமும் இருக்கும். எரியும் தளத்தில் ஓவியர் வைத்த சிவப்பும் ஆரஞ்சும் மட்டும் காணாமல் போயிருக்கும். கோவையில் படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலில் இருக்கிறேன். இப்படித் தீ அணைந்த படங்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. தடுக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. கடற்படைக்குப் போன பிள்ளைகள் உண்டு. கோவையிலேயே ஐ.என்.எஸ். அக்ரணி என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் கூடத்தில் பெருமையாக மாட்டிய படங்கள் இன்று பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. பெரும்பாலானவை 1971 போர்ப் படங்களின் அச்சுப் பிரதிகள்.

அப்படி ஒன்றை ஒரு பெண் எடுத்து வந்தார். ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு வெளியே தாக்கும் காட்சி. "ஏனுங்கண்ணா, அப்பா இருந்தப்ப கப்பல்ல தீ செக்கச்செவேல்னு எரிஞ்சுட்டு இருந்துச்சுங்க. இப்ப மேகமாட்டம் வெள்ளையா கெடக்குது, ஏனுங்க?" என்றார். எந்தச் சுவரில் மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன். வாசலுக்கு எதிர்ச்சுவர், மேற்கு வெயில் நேராக விழும் இடம். "வெயிலு தின்னுருச்சுங்க அம்மிணி" என்றுதான் சொல்ல முடிந்தது.

காரணம் அச்சு மையில் இருக்கிறது. ஆப்செட் அச்சில் நான்கு மைகள்: மஞ்சள், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, சியான் என்ற நீலம், கறுப்பு. வெளிச்சத்தில் பொதுவாக முதலில் வெளிறுவது மஞ்சளும் மெஜந்தாவும். நீலமும் கறுப்பும் நெடுநாள் தாங்கும். இரவுக் கடல் முழுக்க நீலமும் கறுப்பும். தீயோ மஞ்சளும் மெஜந்தாவும் மட்டும் சேர்ந்தது. அந்த இரண்டும் போனால் அந்த இடத்தில் காகிதத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

சாயத்தொழில் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. துணியின் சாயம் வெளிச்சத்தைத் தாங்குமா என்று பார்க்கச் சோதனைக்கூடங்களில் 'புளூ வுல்' அட்டை வைத்திருப்பார்கள். நீலச் சாயமேற்றிய எட்டுக் கம்பளித் துண்டுகள். ஒன்றாம் எண் சீக்கிரம் வெளிறும், எட்டாம் எண் கடைசிவரை நிற்கும். அருங்காட்சியகங்களும் இதே அட்டையைத்தான் ஓவியத்தின் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தின் சேதத்தை அளக்கின்றன. ஏற்றுமதிப் பனியனுக்கு நாம் காட்டும் கவனத்தில் கால்வாசியைக் கூடத்துப் படத்துக்குக் காட்டினால் போதும்.

தீ போனால் படத்தில் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1971 டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு வெளியே தாக்கின. பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரிக் கப்பலும் முஹாஃபிஸ் என்ற, கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பலும் மூழ்கின. ஆண்டுதோறும் டிசம்பர் 4 கடற்படை நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான். ராடார் திரையைப் பார்த்து, பல மைல் தூரத்திலிருந்து, இருட்டில் ஏவியவை அந்த ஏவுகணைகள். ஏவிய படகையும் எரியும் கப்பலையும் ஒரே பார்வையில் காண்பது ஓவியத்தில்தான் நடக்கும். இரவுக் காட்சி என்பதால் ஓவியருக்குக் கிடைக்கும் விளக்கும் அந்தத் தீ ஒன்றே. அலையின் எந்தப் பக்கம் மினுங்க வேண்டும், படகின் எந்த விளிம்பு தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தீட்டப்படுகிறது. தீ வெளிறிய பிரதியில் யார் தாக்குகிறார், யார் எரிகிறார் என்றே பிடிபடுவதில்லை.

பாய்மரக் காலத்துப் படங்களில் இந்த இழப்பு இன்னும் பெரிது. அங்கே நிறங்கள் செய்தி பேசும். பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுக் கடற்படையை வென்ற டிரஃபால்கர் போர் 1805 அக்டோபர் 21 அன்று நடந்தது. ஆங்கில ஓவியர் டர்னர் 1822 முதல் 1824 வரை அதைப் பெரிய கேன்வாஸில் தீட்டினார். போர் தொடங்கும் முன், நண்பகலை ஒட்டி பிரிட்டிஷ் தளபதி நெல்சன் ஏற்றிய சமிக்ஞைக் கொடிகள் அதில் பறக்கின்றன. மாலையில் எரிந்த அஷீல் என்ற பிரெஞ்சுக் கப்பலும் பின்னால் எரிகிறது. மறுநாள் மூழ்கிய ரெடூட்டாப்ல் என்ற இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் முன்னால் அமிழ்கிறது. போரில் நின்ற மாலுமிகள் அப்போதே குறை சொன்னார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் மிகவும் பிடிக்கும். ஒரு நாளையே ஒரு சட்டத்துக்குள் அடக்கியிருக்கிறார். கொடிகளின் நிறங்களை வைத்துத்தான் அந்தச் செய்தியைப் படிக்க முடியும். வெளிறிய பிரதியில் அவற்றின் சிவப்பும் மஞ்சளும் வெறும் வெள்ளை. 17-ஆம் நூற்றாண்டில் டச்சு ஓவியர் மூத்த வான் டி வெல்டே சிறு படகில் போர்க்களத்துக்கே போய்க் கோட்டுச் சித்திரம் வரைந்தார். 1674-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அவருக்கும் அவர் மகனுக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் போட்டார். கண்ணால் கண்டதற்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வரம்பு சுமார் 50 லக்ஸ் வெளிச்சம் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). எண்ணெய் ஓவியத்துக்கு 200. நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஆகவே முதல் வேலை, படத்தைச் சுவர் மாற்றுவது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உதவும். ஆனால் சாதாரண வெளிச்சமும் வெளிறச் செய்யும் என்பதால் அதை நம்பி வெயிலில் மாட்டாதீர்கள். மேற்கு வெளிச்சுவரின் உட்புறமும் வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் அந்தச் சுவரைத்தான் நனைக்கிறது.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். எங்கள் தொழிலில் பலர் வேகமாக முடியும் என்று படத்தைப் பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்துவிடுகிறார்கள். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை இருக்க வேண்டும். மலிவு அட்டை சில வருடங்களில் படத்தின் விளிம்பைப் பழுப்பாக்கிவிடும். செல்லோ டேப், பசை இரண்டும் படத்தின்மேல் படக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கீழ் ஓரத்தை வெட்ட விடாதீர்கள். எண்ணிட்ட பிரதிகளில் அந்த வெள்ளை ஓரத்தில் பென்சிலில் இரண்டு எண்ணும் ஓவியரின் கையெழுத்தும் இருக்கும்: மொத்தம் எத்தனை பிரதி, அதில் இது எத்தனையாவது என்று. சிலவற்றில் அந்தப் போரில் இருந்த வீரர்களே கையெழுத்திட்டிருப்பார்கள். சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று அந்த ஓரத்தைக் கத்தியால் சீவிய படங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஸ்கெட்ச் பேனாக் கையெழுத்துகள் அச்சு மையைவிட வேகமாக மறையும், அவற்றுக்கு நிழல் இன்னும் அவசியம்.

வீட்டில் இருப்பது அச்சா, கையால் தீட்டியதா என்று சந்தேகம் வந்தால், திருப்பூரில் துணி இழை எண்ணும் பிக் கிளாஸ் என்ற உருப்பெருக்கியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. கேன்வாஸில் அச்சடித்து, மேலே பளபளப்புப் பூச்சைத் தூரிகையால் இழுத்து 'ஒரிஜினல்' என்று விற்கிறார்கள். அதிலும் பூச்சுக்கு அடியில் புள்ளி தெரியும். உண்மையான எண்ணெய் ஓவியம் என்றால் ஈரத்துணியோ தேங்காய் எண்ணெயோ போட்டுத் துடைக்காதீர்கள். பெங்களூரில் சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனத்தில், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

வெளிறியதை மீட்க வழியில்லை. இன்னும் நிறம் மிச்சமிருக்கும் படத்தை உடனே நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, எளிதில் வெளிறாத பிக்மென்ட் மையில் ஒரு நகல் எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். அசலை அமிலமில்லாத இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, இரும்புப் பீரோவில் படுக்கை வசமாக வையுங்கள். சுருட்டி வைத்தால் மை விரிசல் விடும். பரணில் போடாதீர்கள், சித்திரை வெயிலில் அங்கே காகிதம் முறுகிவிடும், மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.