போரில் ஊரை விட்டுப் போனவருக்கு ஓட்டு எந்த ஊரில்? போஸ்னியா 1996

உள்நாட்டுப் போர் முடிந்த நாட்டில் வாக்காளர் பட்டியல் தயாரிப்பது லேசான வேலை இல்லை. பாதிப்பேர் சொந்த ஊரில் இல்லை. ஒருவர் வீட்டில் இன்னொருவர் குடியிருக்கிறார். யாருடைய ஓட்டு எந்த ஊர்க் கணக்கில் சேரும்?

1995 டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்தான, போஸ்னியப் போரை முடித்துவைத்த டேட்டன் ஒப்பந்தத்தின் 3ஆம் இணைப்பு இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 1996இல் அப்போதுதான் 18 நிரம்பி ஓட்டுப் போட வந்த பிள்ளைகள், கணக்கெடுப்பின்போது 13 வயதை ஒட்டிய பள்ளிக்கூடச் சிறுவர்கள். ஆனாலும் அவர்கள் பெயரும் அதில் இருக்கும் அல்லவா, அது போதும்.

அடுத்ததுதான் முக்கியம். 1991இல் எந்த நகராட்சியில் குடியிருந்தீர்களோ, உங்கள் ஓட்டு பொதுவாக அந்த நகராட்சிக்கே. போஸ்னியாவின் பிரியெடோர் நகரிலிருந்து 1992இல் துரத்தப்பட்டு ஜெர்மனியில் அகதியாக இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தபாலில் ஓட்டு அனுப்பலாம், நேரில் வந்தும் போடலாம். எப்படிப் போட்டாலும் அது பிரியெடோர் கணக்கில்தான் சேரும். அவர் வீட்டில் இன்று யார் இருக்கிறார் என்பதை விதி கேட்கவில்லை. துப்பாக்கியால் காலி செய்த ஊரை ஓட்டாலும் எடுத்துக்கொள்ள விடக்கூடாது என்பதுதான் நோக்கம். அகதி ஒருவர் ஓட்டுப் போட்டாலே நாடு திரும்பும் எண்ணத்தை உறுதிசெய்ததாகக் கொள்ளப்படும் என்றும் ஒரு வரி உண்டு.

சரி, திரும்பிப் போக விருப்பமில்லை, புது ஊரில்தான் வாழப்போகிறேன் என்பவருக்கு? அவர் விண்ணப்பித்து வேறு ஊரில் ஓட்டுப் போடலாம். அதற்கான படிவத்தின் பெயர் பி-2. நியாயமான விதிவிலக்குதான், கோளாறும் இங்கேதான் வந்தது. 'குடியேற நினைக்கும் ஊர்' என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், கட்சிக்காரர்கள் கைப்பற்றிய ஊர்களுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். செர்பியாவில் இருந்த செர்பிய அகதிகள் பலர், போஸ்னியாவில் செர்பியர் வசம் இருந்த பிர்ச்கோ போன்ற ஊர்களின் பெயரை எழுதித்தரும்படி நெருக்கப்பட்டார்கள். அகதிகளின் தலையெழுத்து ஒரு படிவத்தில் வந்து நின்றது.

தேர்தலை நடத்தியது ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு. அதன் தூதுக்குழுத் தலைவர் ராபர்ட் ஃப்ரோவிக் இந்தக் குளறுபடியால் 1996 ஆகஸ்டு கடைசியில் உள்ளாட்சித் தேர்தலை மட்டும் தள்ளிவைத்தார். செப்டம்பர் 14 அன்று மூவர் கொண்ட குடியரசுத் தலைமைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஓட்டு நடந்தது. என்னைக் கேட்டால் தள்ளிவைத்தது சரிதான்: பி-2 மோசடி அதிகம் பாதித்திருக்கக்கூடிய இடம் உள்ளாட்சி.

வேட்பாளர்களுக்கும் ஒரு தடை இருந்தது. யூகோஸ்லாவியப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் குற்றம் சாட்டியும் அதன் முன் ஆஜராகாதவர் போட்டியிடவோ பதவி வகிக்கவோ முடியாது. இது அரசியலமைப்பிலேயே உள்ளது.

பி-2 விதியை இறுக்கிய பிறகு உள்ளாட்சித் தேர்தல் 1997 செப்டம்பரில் நடந்தது. 1995 படுகொலை நடந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் அப்போது போஸ்னிய முஸ்லிம்கள் அநேகமாக யாருமே குடியிருக்கவில்லை. வெளியூர்களிலிருந்து வந்த ஓட்டுகளை எண்ணியபோது நகராட்சி மன்றத்தில் பெரும்பான்மை அவர்கள் கட்சிகளுக்கு. ஜெயித்தவர்கள் அந்த ஊருக்குள் போய் நாற்காலியில் உட்காருவது தனிப் போராட்டமாக இருந்தது.