“சும்மா நின்னதுக்கா மயக்கம்?”

போன மாதம் சென்னையில் ஓர் ஓவிய வகுப்புக்கு, மாணவர்கள் பார்த்து வரைய அசையாமல் நிற்கும் மாடலாகப் புதிதாகப் போன பெண் மயங்கி விழுந்தாள். 40 நிமிடம் பிரேக்கே விடாமல் நிற்க வைத்திருக்கிறார்கள். ஸ்டூல் முனை இடித்துப் புருவத்தில் இரண்டு தையல். வகுப்பு எடுத்தவர் கேட்டாராம்: “சும்மா நின்னதுக்கா மயக்கம்?”

பன்னிரண்டு வருடமாக மாடலாக நிற்கிறேன். இந்த ‘சும்மா’வைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நம்மை அறியாமலே கால் மாற்றுகிறோம், முதுகை நெளிக்கிறோம், கொசு கடித்தால் அடிக்கிறோம். போஸில் மூக்கு அரித்தாலும் கை போகக் கூடாது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பைச் சாய்த்து நின்றால் பத்தாவது நிமிடம் குதிகால் எரியும். பதினைந்தில் மரத்துப்போய்த் தரையே தெரியாது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி 5 நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை முன்னால் எத்தனை பேர் படம் எடுத்துக்கொள்கிறோம்! சிற்பி ராய் சௌத்ரி அதைச் செய்தபோது மாடலாக நின்றவர்களில் ஒருவர், அவர் முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரியின் காவலாளி. அவர் சும்மாவா நின்றார்?

புதிதாக வருகிற பிள்ளைகளே, வெறும் வயிற்றோடு வராதீர்கள். முட்டியை விறைப்பாக வைக்காதீர்கள்; ஸ்கூல் பிரேயரில் பொத்தென்று விழுகிற பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கை தூக்குகிற போஸெல்லாம் ஓரிரு நிமிட ஸ்கெட்சுக்கு மட்டும். நீண்ட போஸ் என்றால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை 5 நிமிடம் பிரேக். சம்பளம் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். காது அடைத்தாலோ கண் இருட்டினாலோ உடனே உட்காருங்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

வகுப்பு நடத்துகிறவர்களே, பாதத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிட்டால் பிரேக் முடிந்து அதே இடத்தில் வந்து நிற்போம். பிறகு எதற்கு “இன்னும் அஞ்சே நிமிஷம்மா”? வரைகிறவருக்கு நேரம் போவது தெரியாது, அதனால் கடிகாரம் பார்க்க ஒருவரை உட்கார வையுங்கள். எல்லார் செல்போனும் பைக்குள் இருக்கட்டும். உடையோடு நின்றாலும் கேட்காமல் போட்டோ எடுப்பது தப்புதான். தயவுசெய்து இதை முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் நேற்று போன் செய்தாள். “அக்கா, வேற ஒரு இடத்துல கூப்பிடுறாங்க, போகட்டுமா?” போ, காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ, அலாரத்தை நீயே வை என்றேன்.