எந்த வேலையைத் தள்ளிப்போடுகிறீர்கள்?

தொழில் தொடங்கிச் சில மாதங்களானவர்கள் ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் சொல்வது இதுதான்: "மோட்டிவேஷன் போயிடுச்சு." நான் திருப்பிக் கேட்பது, "எந்த வேலைக்கு?"

ஒருவர் காலையில் உட்கார்ந்தால் இரவு வரை எழுந்திருப்பதில்லை, ஆனாலும் வியாபாரம் நகரவில்லை என்றார். ஒரு வாரம் செய்த வேலைகளை எல்லாம் எழுதிவரச் சொன்னேன். பேக்கிங் டிசைன், விசிட்டிங் கார்டு, கணக்குத் தாளைத் திருத்தித் திருத்திப் போட்டது என்று பக்கம் நிரம்பியிருந்தது. விலை கேட்டுவிட்டு "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவர்களின் பட்டியலும் அவரிடம் இருந்தது. அதில் ஒருவரைக்கூட அவர் திரும்ப அழைக்கவில்லை. சோம்பேறி என்று அவரை யாராலும் சொல்ல முடியாது. "வேண்டாம்" என்று பதில் வந்தால் அதற்கு மேல் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, அதனால் கை போன் பக்கமே போகவில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை விளக்குவது இதைத்தான். ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்து முடிக்கத் தன்னால் முடியும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறாரோ, அதைப் பொறுத்தே அவர் அதில் இறங்குவதும், உழைப்பதும், தடை வந்தால் தாக்குப்பிடிப்பதும் அமைகின்றன. இந்த நம்பிக்கை வேலைக்கு வேலை மாறும். பொருளைத் தயாரிப்பதில் கெட்டிக்காரரான ஒருவர் விலை பேசும்போது திணறலாம். மேடையில் "உன்னால் முடியும்" என்று கேட்டுவிட்டு வந்த உற்சாகம் சில நாட்களில் வடிந்துபோவதும் இதனால்தான். எது முடியும் என்று அந்தப் பேச்சு சொல்லவே இல்லையே!

அதே சமயம், எல்லாவற்றுக்கும் தன்னம்பிக்கைக் குறைவைக் காரணம் காட்டுவதும் தவறு. உளவியலாளர் விக்டர் வ்ரூம் வேலையில் ஊக்கம் எப்படி வருகிறது என்று 1964-ல் முன்வைத்த கோட்பாட்டை என் வேலையில் அடிக்கடி பயன்படுத்துகிறேன். உழைத்தால் வேலை நன்றாக முடியுமா, முடிந்தால் பலன் கிடைக்குமா, அந்தப் பலன் எனக்கு வேண்டியதுதானா என்று மூன்று கேள்விகள். மூன்றின் விடைகளையும் அவர் பெருக்குகிறார். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்தான். பொருளுக்குத் தேவையே இல்லாத சந்தையில் எத்தனை பேரை அழைத்தாலும் ஆர்டர் வராது. அங்கே சோர்வு வருவது இயல்பு, மாற்ற வேண்டியது பொருளையோ விலையையோதான். குடும்பத்தின் வற்புறுத்தலுக்காகத் தொழிலில் இறங்கியவருக்கு மூன்றாவது கேள்வியில் இடறும். அவரிடம் ஊக்கப் பேச்சு பேசுவது கொடுமை.

திரும்ப அழைக்கத் தயங்கியவருக்கு முதல் கேள்விதான் சிக்கல். நம்பிக்கையை வளர்க்கும் வழிகளில் வலுவானது, தானே செய்து பார்த்து ஜெயித்த அனுபவம் என்றார் பண்டூரா. ஆகவே பட்டியலில் கொஞ்சம் பழக்கமானவரிடமிருந்து தொடங்கினோம். விற்க வேண்டாம், "எதனால் வாங்காமல் விட்டீங்க?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். முதல் இரண்டு வாக்கியங்களை எழுதிவைத்துக்கொண்டு என் முன்னாலேயே அழைத்தார். எதிர்முனையில் இருந்தவர் விலையைப் பற்றிக் குறையே சொல்லவில்லை. டெலிவரி எப்போது என்று தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் அவர் குறை. அடுத்த எண்ணை அவரே தேடினார். அன்றன்றைக்கு எத்தனை ஆர்டர் என்பதற்குப் பதில் எத்தனை அழைப்பு என்று இலக்கு வைத்துக்கொண்டோம். அழைப்பு அவர் கையில் இருக்கிறது, ஆர்டர் இல்லை.

ஆர்வம் வரட்டும், பிறகு உழைக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். தொழில்முனைவோரை வாரா வாரம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. உழைப்பு கூடிய பிறகு தொழில் மீதான ஆர்வமும் கூடியதாக அது காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. தானாக முன்வந்து செயல்படும் மனப்பான்மையைப் பயிற்றுவித்த குழுவின் லாபம் சுமார் 30 சதவீதம் உயர்ந்தது. கணக்கு, சந்தைப்படுத்தல் என்ற வழக்கமான பயிற்சி பெற்ற குழுவிடம் அப்படித் தெளிவான உயர்வு இல்லை.

நம்பிக்கை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2,994 தொழில்முனைவோரிடம் கேட்ட ஆய்வு 1988-ல் வெளிவந்தது. தங்கள் தொழில் ஜெயிக்கப் பத்துக்கு ஏழு வாய்ப்பாவது உண்டு என்றவர்கள் 81 சதவீதம். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். தங்களுடையதைப் போன்ற வேறொரு தொழிலுக்கு அதே ஏழு வாய்ப்பைக் கொடுத்தவர்களோ 39 சதவீதம் மட்டுமே. என்னிடம் வருபவர்களில் சிலர் சேமிப்பு மொத்தத்தையும் போட்டுவிட்டு, மேலும் கடன் வாங்கலாமா என்று யோசிக்கும் கட்டத்தில்தான் வருகிறார்கள். எவ்வளவு வரை இழக்கலாம் என்று தொடங்கும்போதே ஒரு தொகையை எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். நடுவில் எழுதினால் அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகும்.

இன்னொன்றை எல்லோரும் கவனிக்க வேண்டும். தூக்கம் கெட்டு, பசி குறைந்து, முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே கழிந்தால் அதை மோட்டிவேஷன் குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தொழிலை மூடுவதா, இன்னும் பணம் போடுவதா என்ற முடிவை உடம்பும் மனசும் தேறிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.