பயிரிடுவகை

மாந்தோப்பில் ‘ரகம்’ என்றும் ஆய்வுக்கட்டுரைகளில் ‘கல்டிவார்’ என்றும் வழங்குவதற்கு ஈடான தமிழ்ச் சொல் ‘பயிரிடுவகை’. அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி, ‘பயிரிடப்பட்ட வகை’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முற்பகுதிகளை இணைத்து, 1923-இல் ‘கல்டிவார்’ என்பதை ஆக்கினார். விரும்பிய பண்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிறவற்றினின்று வேறுபட்டு, தமக்குள் ஒத்து, உரிய முறையில் பெருக்கினால் அப்பண்பை இழக்காத செடிகளின் தொகுதியை அது குறிக்கும்.

‘ரகம்’ உருது வழியாக வந்து வேரூன்றிய சொல். பேச்சில் அதை விலக்கத் தேவையில்லை. ‘வகை’ என்று மட்டும் எழுதினால், ஓர் இனத்துக்குள் இயற்கையாக அமைந்த பிரிவைக் குறிக்கும் தாவரவியல் கலைச்சொல்லோடு அது மயங்கும். ‘பயிரிடு’ என்ற அடை அம்மயக்கத்தை நீக்குகிறது. மேலும் அது வினைத்தொகை: பயிரிட்ட வகை, பயிரிடுகின்ற வகை, பயிரிடும் வகை என முக்காலமும் அதில் அடங்கும். நீலம் மாவின் கொட்டையை ஊன்றினால் முளைப்பது நீலம் அன்று, தாயின் பண்புகள் கலைந்த புதிய மரம்; தலைமுறைதோறும் மனிதர் ஒட்டுக்கட்டி வந்ததால்தான் நீலம் நீலமாக நிற்கிறது என்பதை இச்சொல்லே உணர்த்திவிடுகிறது.

பயிரிடுவகைகளைப் பிரித்தறிய முதலில் உதவுவது கண். கிளிமூக்கு மாங்காயின் நுனி அலகுபோல் வளைந்திருப்பதால் அப்பெயர் பெற்றது. தோத்தாபுரி, பெங்களூரா என்பனவும் அதன் பெயர்களே. காய் இல்லாத காலத்தில் தளிரின் நிறம், இலை விளிம்பின் நெளிவு, இலையைக் கசக்கினால் எழும் மணம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஆனால் மண்ணும் நீரும் மரத்தின் வயதும் இவற்றுட் சிலவற்றை மாற்றக்கூடும். நாற்றங்காலில் ஒரு முழ உயரத்தில் நிற்கும் ஒட்டுக்கன்றிலோ, பார்ப்பதற்குக் காயே இராது.

அங்கே மரபணுக் குறிப்பான், அதாவது ஒரு செடியை அடையாளங்காட்டும் டி.என்.ஏ. பகுதி, துணைக்கு வருகிறது. டி.என்.ஏ. இழையில் ‘எழுத்துகள்’ எனப்படும் வேதிக்கூறுகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. அவை எத்தனை முறை திரும்புகின்றன என்பது பயிரிடுவகைக்குப் பயிரிடுவகை வேறுபடுவதால், அத்துண்டுகளைப் பெருக்கி நீளத்தை ஒப்பிட்டால், ஒரே மரத்துக்கு வழங்கும் பல பெயர்களையும் ஒரே பெயரில் விற்கப்படும் பல மரங்களையும் இனங்காணலாம். இலையை ஒட்டுக்கு மேலிருந்து கிள்ள வேண்டும். கீழே கிளைத்த தளிர், ஒட்டைத் தாங்கி வேராக நிற்கும் வேறொரு செடியான வேர்ச்செடிக்குரியது.

எனினும் குறிப்பான் அடையாளத்துக்குச் சாட்சியே தவிர, வரையறை அன்று. பினோ நுவார் என்னும் கருந்திராட்சையில் நேர்ந்த திடீர் மாற்றத்தால் வெண்ணிறப் பழம் தரும் பினோ பிளாங் தோன்றியது. வழக்கமான குறிப்பான்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பழத்தின் நிறத்தைக் கொண்டே அவற்றைத் தனித்தனிப் பயிரிடுவகைகளாகக் கொள்கிறோம்.