கம்பெனி வேனும் காலை மாத்திரையும்

"சுகர்லாம் பணக்காரங்களுக்கு வர்றதாச்சே டாக்டரம்மா, எங்களுக்கு இன்னாத்துக்கு வருது?"

கேட்டவருக்கு வயது 38. குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே ஒரு கிராமம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறார். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அரிப்பு என்று வந்தவருக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10.4 இருந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று கணக்கு.

சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் காலையும் இரவும் எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 10.1. மாத்திரையின் அளவைக் கூட்டினேன். அப்போதும் பெரிதாக அசையவில்லை. "ஒழுங்கா போடறீங்களா?" என்றால் "போடறேன் டாக்டரம்மா" என்கிறார். சீட்டில் 'சொன்னபடி மருந்து எடுப்பதில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். கூட வந்திருந்த மகள்தான் போட்டு உடைத்தாள்: "காலைல போடறதே இல்ல மேடம். போட்டா வயிறு கலக்குதாம்."

வேனில் முக்கால் மணி நேரம் போக வேண்டும். கம்பெனியில் லைனை விட்டு எழுந்தால் பீஸ் கணக்கு குறையும். இரண்டாவது தடவை எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர் வயிற்றைக் கலக்கும் மாத்திரையை எப்படிப் போடுவார்? மெட்ஃபார்மின் ஆரம்ப வாரங்களில் வயிற்றைத் தொந்தரவு செய்யும் என்பது மருத்துவ மாணவர்களுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அவர் எத்தனை மணிக்கு வேன் ஏறுகிறார் என்று மட்டும் நான் கேட்டிருக்கவில்லை.

பணக்காரர் வியாதி என்ற பேச்சு ஒரு காலத்தில் பொய்யும் இல்லை. ஏழை நாட்டில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடிந்தவருக்குத்தான் இந்த நோய் முதலில் வரும். அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் மலிவாகி, உடம்பு நோகிற வேலைகள் குறைய ஆரம்பித்ததும் நோய் மெல்லப் படியிறங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு, 15 மாநிலங்களின் கணக்கை 2017இல் வெளியிட்டது. சண்டிகர், மகாராஷ்டிரா, தமிழ்நாடு ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் வசதி உள்ளவர்களைவிட இல்லாதவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகமாக இருந்தது. கிராமங்களில் மட்டும் அப்போதும் பழைய கதைதான். அதே ஆய்வு 2023இல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நோய் இருப்பதாகக் கணித்தது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

எங்கள் பக்கம் எது நகரம், எது கிராமம் என்று பிரிப்பதே கஷ்டம். 2019இல் வேலூரை மூன்று மாவட்டமாகப் பிரித்தார்கள், சரி. ஆனால் குடியாத்தத்தில் குடியிருந்து ஆம்பூரில் தைத்து ராணிப்பேட்டையில் பெண் கொடுக்கிறவர்களுக்கு இன்னமும் எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். ரேஷன் கார்டு கிராமத்தில் இருக்கும், பகல் முழுக்க உடம்பு கம்பெனியில் இருக்கும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 2007இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், நகரத்து ஏழைகள் வருமானத்தில் 34 சதவீதத்தைச் சர்க்கரை வைத்தியத்துக்கே செலவிட்டது தெரிந்தது. இன்று அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், பரிசோதனையும் இலவசம். ஆனால் வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பு, அப்புறம் டாக்டர் வரிசை, கடைசியில் மாத்திரை வரிசை. ஒரு நாள் கூலி போய்விடும். பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் இதே கதை. ஆயிரம் பீடி முறத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் அன்றைக்குக் கணக்கு உதைக்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த அலைச்சலைப் பெருமளவு குறைத்திருக்கிறது. வீட்டிலேயே பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் வருகிற நேரத்தில் வீட்டில் இருப்பது மாமியார். மருமகள் வேனில் போயிருப்பாள்.

சாப்பாட்டு அறிவுரை என்று நாங்கள் கொடுக்கிற அச்சடித்த தாள் இன்னொரு வேடிக்கை. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ஆப்பிள் என்று போட்டிருக்கும். 2011 ஜூன் முதல் இங்கே ரேஷன் அரிசி இலவசம். பசியை அடக்கியது அந்த அரிசிதான், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இரவு ஒரு தட்டு நிறையச் சோறும் கொஞ்சம் ரசமும் என்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பகலில் என்ன என்று கேட்டால் டீயும் பொறையும் என்பார்கள். நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பசியை மறக்கக் குடிப்பது என்பதால் யாரும் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நானும் தனியாகக் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது ஓட்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. சோற்றை அரைத் தட்டாக்கி, ரேஷன் துவரம்பருப்பைக் கெட்டியாக வையுங்கள் என்கிறேன். முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது. முட்டை ஒன்று. போளூர் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பாட்டி, "அவிச்ச மல்லாட்டை துன்னலாமா?" என்று பயந்துகொண்டே கேட்டார். வேர்க்கடலையைத்தான் சொல்கிறார். பொறைக்கு அது எவ்வளவோ மேல், ஒரு கைப்பிடி தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றேன். கேழ்வரகு பற்றியும் ஒரு வார்த்தை. களி தின்றால் சுகர் இறங்கும் என்று ஊரே நம்புகிறது. கேழ்வரகில் கால்சியமும் நாரும் அரிசியைவிட அதிகம், உண்மை. ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுக்கே உண்டு. நைசாக அரைத்துக் கிண்டி இரண்டு உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறும்.

இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமெபிரைட் போன்ற மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளவே கூடாது. பீஸ் முடிக்கிற அவசரத்தில் மதியச் சாப்பாட்டைத் தாண்டினால் சர்க்கரை தாழ்ந்துவிடும்: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டு. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் மாதம் பிறக்கும் முன்பே டாக்டரிடம் வந்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மேல்விஷாரத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் மயங்கிய பிறகு தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் சுகர்' என்பது அடுத்த நம்பிக்கை. இதைப் பொய்யென்று காட்டியதில் எங்கள் ஊருக்கே பங்கு உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் வளர்ந்த பிறகும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, பின்னால் வேகமாக எடை போட்டவர்களுக்கே சர்க்கரைக் கோளாறு அதிகம் வந்திருந்தது. தாய் வயிற்றில் அரைப்பட்டினி கிடந்து பிறகு பரோட்டா காலத்துக்கு வந்து சேர்ந்த உடம்பு என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

மெலிந்தே இருப்பவர்கள் கதை இதிலிருந்து வேறு. ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான். 24 வயது, 41 கிலோ, சர்க்கரை 400க்கு மேல். வேறோர் இடத்தில் முதல் வகை (உடம்பில் இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோய்) என்று முடிவு செய்து நிறைய இன்சுலின் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறை தாழ்ந்து விழுந்தான். காசில்லாமல் பத்து நாள் ஊசியை நிறுத்தியும் இருந்தான். முதல் வகையாக இருந்தால் அந்தப் பத்து நாள் உயிரையே வாங்கியிருக்கும். அவனுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறவில்லை. சின்ன வயதிலிருந்தே ஊட்டமில்லாமல் வளர்ந்தவர்களுக்கு வரும் இந்த வகையை 1985இல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாகவே பட்டியலில் வைத்திருந்தது, 1999இல் எடுத்துவிட்டது. 2025 ஜனவரியில் பல நாட்டு நிபுணர்கள் வேலூரில் கூடி மறுபடி பேசினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கு 'ஐந்தாம் வகை' என்று பெயர் கொடுத்தது. அந்தப் பையனிடம், "சோத்தைக் கொறை, எடையைக் கொறை" என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு வேண்டியது குறைந்த அளவு மருந்தும், நல்ல சாப்பாடும்.

கால் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்திலேயே நிற்கிறவருக்கு உணர்ச்சி குறைந்துவிட்டால் ஆணி ஏறினாலும் தெரியாது. உணர்வில்லாத பாதத்தை எப்படிக் காப்பது என்பதைக் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை பல பத்தாண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறது. தொழுநோயாளிகள் போட்ட அதே எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு இப்போது சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது. பலர் வாங்க மறுக்கிறார்கள். "அது அந்த நோய்க்காரங்க செருப்பு" என்கிறார்கள். நான் வற்புறுத்துவதில்லை, வேறு நிறத்தில் வார் போட்டுத் தரச் சொல்கிறேன். தினமும் இரவு வீட்டில் யாராவது ஒருவர் செல்போன் டார்ச்சை அடித்து உள்ளங்காலைப் பார்த்தால் போதும்.

ஷூ கம்பெனிப் பெண்ணுக்குக் காலை மாத்திரையை நிறுத்திவிட்டேன். மெதுவாகக் கரையும் வகையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிறிய அளவில் தொடங்கி ஏற்றினோம். ராத்திரி வயிறு கலக்கினால் வீட்டுக் கழிவறை இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது 8.1. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்க ஆள் வைத்திருக்கிறேன். முதல் வாரமே அந்தப் பெண் அதே வேனில் போகிற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு பேருக்குச் சர்க்கரை இருந்தது, இரண்டு பேருக்கும் அதுவரை தெரியாது. சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதற்குள் போய்த் துணி துவைத்துப் போட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டார்கள். வாரத்துக்கு இருப்பதே அந்த ஒரு நாள். போய் வாருங்கள் என்றேன்.